ஆழமற்ற கடலில் பேரரசுகளின் போர்: பாக் நீரிணை, 1658–1795

கோட்டைப்பட்டினத்து மீன்பிடித் துறையில் நின்று கிழக்கே பார்ப்பவருக்கு முன்னால் கிடப்பது பெருங்கடல் அன்று. மறுகரையில் யாழ்ப்பாணத் தீவுகளைக் கொண்ட பாக் நீரிணை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் இந்நீரைச் சுற்றிப் போரிட்டனர். அப்போர்கள் பெரும்பாலும் தளபதிகளின் கதையாகவே சொல்லப்படுகின்றன. ஆனால், எங்கே போரிடுவது, எப்படிப் போரிடுவது என்பதை முடிவு செய்தது இக்கடலின் ஆழமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடலின் அமைப்பு

தெற்கே சேதுவின் மணல்திட்டுகள் கப்பல்களை மறிக்கின்றன. பாம்பன் வழியாக அன்று தோணிகளும் சிறு மரக்கலங்களுமே போக முடிந்தது. அவ்வழியும் சேதுபதி மன்னர்களின் ஆட்சிக்குள் இருந்தது. நீரிணையை ஒட்டிய பாக் குடாவின் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவது அரிது. கரையை நெருங்க நெருங்கச் சேறும் மணலும்தான். பீரங்கிகள் ஏந்திய போர்க்கப்பலுக்கு இது முட்டுச்சந்து. எனவே தெற்கே தூத்துக்குடியும் மன்னாரும், வடக்கே நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் வாயில்கள் ஆயின. அவற்றைப் பிடித்தவருக்கே உள்கடல் வணிகம் வசப்பட்டது.

1658: பசியும் தாகமும்

1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசை வீழ்த்தியதும் போர்த்துக்கீசியர் பிடி இறுகியது. ஆனால் 1656 மே மாதம் கொழும்பு டச்சுக்காரரிடம் விழுந்தது. 1658 தொடக்கத்தில் டச்சுத் தளபதி ரைக்லாஃப் வான் கூன்ஸ் தூத்துக்குடியையும், பிப்ரவரியில் மன்னாரையும் கைப்பற்றினார். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவர் படை கப்பலேறவில்லை, தரைவழியே நடந்தது. ஊர்க்காவற்றுறை அருகே நீருக்குள் நின்ற சிறிய கடற்கோட்டை, குடிநீர் இன்றிப் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அடைக்கலம் புகுந்தவர்களால் நிரம்பிய கோட்டைக்குள் பசியும் நோயும் பெருகியதால் ஜூனில் சரணடைந்தது. ஜூலையில் நாகப்பட்டினமும் கைமாறியது. படையோடு சென்ற பாதிரியார் பிலிப்பஸ் பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூல் இம்முற்றுகைகளுக்கு முதன்மையான சான்று.

1781–1795: ஆழ்நீரில் ஐந்து போர்கள்

நாகப்பட்டினம் 1690இல் சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமானது. நான்காம் ஆங்கில–டச்சுப் போரின்போது, 1781 நவம்பரில், ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ அதை முற்றுகையிட்டுப் பிடித்தார். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை ஆங்கிலேயருக்கே உறுதி செய்தது.

இடையில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூசும் 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை இப்பகுதியில் ஐந்து முறை மோதினர். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகியவையே களங்கள். ஐந்தும் வங்கக் கடலின் ஆழ்நீரில் நடந்தவை. நீரிணைக்குள் ஒன்றுகூட நடக்கவில்லை. கடலின் ஆழம் பற்றிய வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. 1795 செப்டம்பரில் யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் வசமானது.

முடிவு

நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658 முதல் 1781 வரை ஒரே கொடியின் கீழ் இருந்தன. 14 ஆண்டுகள் பிரிந்திருந்து, 1795இல் மீண்டும் ஒரே கொடிக்கு வந்தன. வென்றவர்கள் சென்னை ஆளுநர் ராபர்ட் பாக்கின் பெயரை நீரிணைக்குச் சூட்டினர். இரு கரைகளையும் ஒரே கையில் வைப்பதற்காகவே பேரரசுகள் போரிட்டன. 1974இல் இந்தியாவும் இலங்கையும் இந்நீரின் நடுவே எல்லைக்கோடு வகுத்தன. போர்க்கப்பல் புக முடியாத அதே ஆழமற்ற நீரில், இன்று கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளுக்கு அந்தக் கோடே தடை.