பொன்மலையும் ஓட்டுப் பெட்டியும்

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். தென்கிழக்கே திரும்பினால் பொன்மலை ரயில்வே பட்டறையின் பக்கம் கண் போகும். முதல் காட்சிக்காகத்தான் எல்லாரும் படியேறுகிறார்கள். நான் இரண்டாவதையும் பார்த்துவிட்டு இறங்குகிறவன்.

ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவருக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. "இது கோயில் ஊர், ஸார்! ஓட்டும் அதற்குத் தகுந்தாற்போலத்தானே விழும்?" என்றார் ஒரு நாள். அவரோடு வாதாடுவதற்காகவே பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டினேன்.

1952இல் திருச்சி, சுயேச்சையாக நின்ற டாக்டர் மதுரத்தைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. அவர் கிறிஸ்தவர். 1957இல் காங்கிரஸின் அப்துல் சலாம், அவர் முஸ்லிம். 1962இல் சென்னை ராஜ்யத்தின் 41 இடங்களில் 31ஐக் காங்கிரஸ் வாரிக்கொண்டபோது, திருச்சி தேர்ந்தெடுத்தது கம்யூனிஸ்டான ஆனந்த நம்பியாரை! கோயில் ஊரின் லட்சணம் இதுதானா என்று நண்பரைக் கேட்டேன்.

நம்பியார் வந்த வழி பொன்மலை வழி. ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பெயர்ந்ததும், ஆட்குறைப்பும், 1928ஆம் வருஷத்து வேலைநிறுத்தமும் ஒன்றோடொன்று பின்னிய கதை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். ரயில்வே தொழிற்சங்கத்தில் தலைவராக வளர்ந்தவர் நம்பியார்.

"அப்படியானால் பட்டறை ஊர் என்று சொல்லும்!" என்றார் நண்பர்.

அதுவும் பொருந்தவில்லை. 1998இல் இதே தொகுதியில் பாரதிய ஜனதாவின் ரங்கராஜன் குமாரமங்கலம் ஜெயித்தார். அவருடைய தந்தை மோகன் குமாரமங்கலம் இளமையில் கம்யூனிஸ்ட் என்பது வேடிக்கையான விஷயம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரங்கராஜன் 1998இல் அ.தி.மு.க.வின் துணையோடு ஜெயித்தார். மறு வருஷமே தி.மு.க.வின் துணையோடு ஜெயித்தார். அடைக்கலராஜ் 1984, 1989, 1991இல் காங்கிரஸ்; 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ். கல்யாணசுந்தரம் 1971இல் தி.மு.க. அணியில், 1977இல் அ.தி.மு.க. அணியில். நம்பியாரோ, 1964இல் கட்சியே இரண்டாகப் பிளந்த பிறகு, 1967இல் மார்க்சிஸ்டாக நின்று வென்றார். கொடியோ கூட்டோ மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை.

"காற்றடிக்கும் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்" என்றார் நண்பர்.

பல தடவை அது மெய்தான். ஆனால் 1962இல் காற்று எதிர்ப்பக்கம் அல்லவா அடித்தது? 2009இல் தி.மு.க. அணி தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களைப் பிடித்தபோதும் திருச்சி அ.தி.மு.க.வின் குமாரை அனுப்பியதே!

ஊருக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அங்கே வரிசையில் நிற்கிற மனிதரைப் பற்றி யோசிக்க வேண்டிய சிரமம் நமக்கு இல்லை. கோயிலுக்குப் போகிறவரும் பட்டறைக்குப் போகிறவரும் பல வீடுகளில் ஒரே ஆள். அவர் எதை எண்ணி மை வைத்துக்கொள்கிறார் என்பதைக் கோபுரமும் சொல்லாது, பட்டறைச் சங்கும் சொல்லாது.

கடைசியில் நண்பரை நேராகவே கேட்டேன்: "நீர் யாருக்குப் போட்டீர்?"

"அதை எதற்கு உம்மிடம் சொல்ல வேண்டும்?" என்றார் அவர், சற்றுக் கோபமாகவே.

அசல் திருச்சிக்காரர்!