மெத்தைத் துணியில் பிறந்த பேஸ்

கார் டிக்கியில சப்வூஃபர் வைக்கணும்னா குழாய் வச்ச பெட்டியா, முழுசா அடைச்ச பெட்டியா? கடைக்காரர்கிட்ட கேட்டா விலையைச் சொல்வார். நான் வரலாற்றைச் சொல்றேன். ஏன்னா அந்த அடைச்ச பெட்டியை, அதாவது ‘சீல்டு பாக்ஸை’, யாரும் காருக்காகக் கண்டுபிடிக்கவே இல்லை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். காரணம் இதுதான். ஸ்பீக்கர் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் பின்பக்கத்தை அடைக்க வேண்டும். சின்னப் பெட்டியில் அடைத்தாலோ, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைத் திருப்பித் தள்ளும். கோனைப் பிடித்திருக்கும் விளிம்பும் ஏற்கெனவே விறைப்பு. இரண்டு ஸ்பிரிங் சேர்ந்தால் ஆழமான பேஸ் போச்சு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி வகுப்பெடுத்த எட்கர் வில்ச்சர் கேள்வியையே திருப்பிப் போட்டார். காற்றே ஸ்பிரிங்காக இருக்கட்டும், விறைப்பான விளிம்பு எதற்கு? ஒரு 12 அங்குல ஸ்பீக்கரின் விளிம்பை வெட்டியெடுத்துவிட்டு, மெத்தை உறைத் துணியில் தொளதொளவென்று வேறொன்றை வைத்தார். அதற்கு அளவு வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. (டெக் வரலாற்றில் இந்த மாதிரி ஒரு வரியோடு நின்றுபோகும் மனைவிகள் எத்தனை பேர்!) துணி இழுக்க இழுக்க முறுக்கிக்கொள்ளும், காற்று சீராக எதிர்க்கும். பேஸ் ஆழமானது, சிதைவும் குறைந்தது.

கம்பெனிகளிடம் யோசனையை விற்கப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. கடைசியில் தன் மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர், விலை 185 டாலர், புத்தக அலமாரியில் வைக்கலாம்.

அப்புறம் வந்தது வழக்கு. வில்ச்சருக்குக் காப்புரிமை கிடைத்தது, எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனி எதிர்த்தது. ஆர்.சி.ஏ.வின் ஹாரி ஓல்சனும் அவருடைய சகாவும் 1949-லேயே இதே போன்ற யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வில்ச்சர் தோற்றார், மேல்முறையீடும் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் இந்தப் பெட்டியைச் செய்யலாம் என்று ஆனது. அவருக்கு அது நஷ்டம்தான், ஆனாலும் 1966-ல் அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர் கம்பெனியிடம்தான் இருந்தது.

இதுக்கு ஒரு விலை இருக்கு. கிளாஸ் பிரிந்துபோய்த் தொடங்கிய கே.எல்.எச். கம்பெனியில் ஆன்டன் ஹாஃப்மன் என்று ஒரு பங்குதாரர். அவர் பெயரால் ‘இரும்பு விதி’ ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்ன சீல்டு பாக்ஸ் மூன்றாவதை விட்டுக்கொடுக்கிறது. உங்க காருக்கு இவ்வளவு பெரிய ஆம்ப் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, அதுக்குத்தான்.

1972-ல் ரிச்சர்ட் ஸ்மால் இந்தப் பெட்டியின் கணக்கைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ‘க்யூ’ என்று ஒரு எண் வரும். பெட்டியோடு சேர்த்து அது 0.7 பக்கம் இருந்தால் பேஸ் ஏற்ற இறக்கமில்லாமல் வரும். பெட்டியைச் சுருக்கினால் எண் ஏறும். 1-ஐத் தாண்டினால் மேல் பேஸ் புடைத்துக்கொண்டு ‘பூம் பூம்’ என்று கேட்கும், அடி ஆழம் மெலியும். இடம் இல்லையென்றால் பெட்டிக்குள் பாலியஸ்டர் பஞ்சு அடைக்கலாம். பெட்டி கொஞ்சம் பெரிதானது போலவே நடந்துகொள்ளும்.

சரி, இது காருக்குள்ள வந்தா என்ன ஆகுது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சீல்டு பாக்ஸில், பெட்டியின் அதிர்வெண்ணுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சத்தம் 12 டெசிபல் இறங்கும். வீட்டில் அது குறை. கார் கேபினோ மூன்று மீட்டர்கூட இருக்காது. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் பாதிகூட உள்ளே அடங்காது, மொத்தக் காற்றும் ஒன்றாக அழுந்தி விரியும். அதனால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபல் வரை கூடும். இறக்கமும் ஏற்றமும் சரிக்குச் சரி! கதவும் கண்ணாடியும் கொஞ்சம் ஒழுகவிடும், அதிரும், அதனால் நிஜத்தில் அவ்வளவு முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் வரவேற்பறைக்குச் செய்த பெட்டி, தான் பார்த்தே இராத ஒரு இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

குழாய்ப் பெட்டி 24 டெசிபல் இறங்கும். தன் அதிர்வெண் பக்கத்தில் மட்டும் பயங்கர சத்தம் தரும். அதற்குக் கீழே கோனைப் பிடிக்கக் காற்று ஸ்பிரிங் இல்லை, தறிகெட்டு ஆடும். சிக்னல்ல பக்கத்து வண்டி கண்ணாடி அதிரணும்னா அதை வாங்குங்க. டிரம் அடி எங்க ஆரம்பிச்சு எங்க நிக்குதுன்னு கேக்கணும்னா என் ஓட்டு அடைச்ச பெட்டிக்கு. மூலைகளில் சிலிகான் பூசி ஒழுகல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கசிந்தால் வில்ச்சரின் ஸ்பிரிங்கே கசிகிறது.

அந்தக் குழாய்க்கும் ஒரு கதை இருக்கு, 1930களின் பெல் லேப்ஸ்ல ஆரம்பிக்குது. அது அடுத்த வாரம்.