மரவள்ளிப் பொரியலின் கதை

சென்ற சித்திரைப் புத்தாண்டு விழாவிலே சிற்றுண்டி மேசையில் ஒரு தட்டம் நிறைய மரவள்ளிக்கிழங்குப் பொரியல் இருந்தது. இங்கே பிறந்த சிறுவன் ஒருவன் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்கட ஊர்ச் சாமானோ, இல்லாட்டி வெள்ளைக்காரரின்ரயோ?" என்று கேட்டான். "எங்கடதான், சாப்பிடு" என்றார் தாய். கேள்வி சிறியது. பதில் அவ்வளவு சிறியதல்ல.

கிழங்கை மெல்லியதாகச் சீவிப் பொரிப்பது ஒரு நாட்டவருக்கு மட்டும் உரிய வித்தையன்று. இங்கிலாந்தில் வில்லியம் கிச்சினர் என்பவர் 1817இல் வெளியிட்ட சமையல் நூலிலே உருளைக்கிழங்கை அவ்வாறு பொரிக்கும் முறை உண்டு. 1920இல் பிராங்க் ஸ்மித் என்பவர் இலண்டனில் அதைப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கினார். இன்று பீற்றூட், கரட் எல்லாம் அப்படிக் கடைகளில் வருகின்றன.

எங்கள் ஊரில் அந்த இடம் மரவள்ளிக்கே. கோயில் திருவிழாவிலும் படக் கொட்டகை வாசலிலும் கடதாசிச் சரையில் உப்பும் உறைப்புமாக வாங்கித் தின்றதை மறந்தவர் யார்?

ஆனால் மரவள்ளி எமது மண்ணில் தோன்றியதன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை பிரேசிலிலிருந்து ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் மொரிசியஸ் தீவில் நட்டனர். அங்கிருந்து 1786இல், ஒல்லாந்த ஆளுநர் வன் டெர் கிராப் காலத்தில், அது இலங்கைக்கு வந்தது. மேலே தூவுகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான்.

அப்படியானால் அது எங்கடதாகியது எப்படி? பசியால்தான். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது கைகொடுத்தவற்றில் மரவள்ளியும் ஒன்று. தடியை முறித்து ஊன்றினால் போதும், வறட்சியையும் தாங்கும். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மிளகாய், வெங்காயம் செய்த யாழ்ப்பாணக் கமக்காரருக்கு நல்ல காலம். பாண் கியூவில் நின்றவர்களுக்கோ மரவள்ளிதான் கதி.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. எங்கள் வீட்டில் பொரிக்க எண்ணெய் இல்லை. அவித்து, இடிச்ச சம்பலோடு தின்றோம். "கசக்கிற கிழங்கை எறிஞ்சு போடு, மரவள்ளி தின்ற அண்டைக்கு இஞ்சி தொடாதை" என்று ஆச்சி ஓயாமல் சொல்லுவா. இஞ்சிக் கதை எப்படியோ, முதலாவது எச்சரிக்கை சரியானதே. மரவள்ளியில் சயனைட் நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. கசப்பு இனங்களில் அது அதிகம்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு, அம்மா வேலிக்கரையில் நின்ற மரவள்ளியைப் பிடுங்கி உரப்பையில் போட்டுக் கட்டினா. நகைப்பெட்டியை அப்பா காவினார். உரப்பையை அம்மா ஒருவரிடமும் கொடுக்கவில்லை. மூன்று நாள் அதுதான் எங்கள் சாப்பாடு.

எம்மவரில் சிலர் இன்று இதை ஏழைச் சாப்பாடு என்று கூசுகிறார்கள். கூச என்ன இருக்கிறது? அந்தத் தம்பிக்கு நான் சொல்லுவேன்: "அது வேறை நாட்டுக் கிழங்குதான், ராசா. ஆனால் சோறில்லாத நாளிலை எங்களை உயிரோடை வைச்சிருந்தது. அதாலை எங்கட."

இம்முறையும் விழாவில் பொரியல் இருக்கும். பிள்ளைகள் கேட்டால், "சாப்பிடு" என்பதோடு நிறுத்தாமல் இந்தக் கதையையும் சொல்லுங்கள். அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.