டெடெக்

டெடெக் என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்பு. தாமஸ் எஸ்ஸர் இதனை ஏறத்தாழத் தனியொருவராகப் பராமரித்தார். டொனால்ட் நூத்தின் டெக், லாடெக் மேக்ரோக்கள், எழுத்துருக்கள் ஆகியவை ஒருங்கே கிடைத்ததால் பல லினக்ஸ் வழங்கல்கள் இதையே ஏற்றன. 3.0 பதிப்பு 2005இல் வெளிவந்தது. 2006 மே மாதம் எஸ்ஸர் பணியை நிறுத்தி, டெக் லைவ் என்னும் மாற்றுத் தொகுப்பைப் பரிந்துரைத்தார்.

காலாவதியான பொதியைப் பயனருக்கு இடையூறின்றி விலக்குவதற்கு டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் கையாண்ட முறை நல்ல முன்மாதிரி. 2007இல் வந்த அதன் எட்ச் பதிப்பு டெடெக், டெக் லைவ் ஆகிய இரண்டு தொகுப்புகளையும் வழங்கியது. 2009இன் லென்னி பதிப்பில் டெடெக்-பின் என்னும் பொதி பெயரளவில் மட்டும் எஞ்சியது. மென்பொருள் ஏதும் இல்லாத இந்த இடைமாற்றுப் பொதி டெக் லைவைத் தன் சார்புப் பொதியாகக் கோரியது. எனவே பழைய கணினியை மேம்படுத்தினாலே புதிய தொகுப்பு தானாக நிறுவப்பட்டது.

டெக் லைவுக்கு மாறியது தமிழுக்குப் பெரும் பேறு. முன்பு தாமஸ் ரிட்ஜ்வேயின் தமிழ் எழுத்துரு போன்றவற்றுக்கு ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் உள்ளிட வேண்டியிருந்தது. டெக் லைவ் 2007இல் சேர்ந்த, ஜோனதன் கியூ உருவாக்கிய ஸீடெக், யூனிகோடு தமிழை நேரடியாகப் படித்தது. ‘கொ’வின் கொம்பையும் காலையும் மெய்யின் இருபுறமும் எழுத்துருவின் விதிப்படி அமைத்தது.