கமலா ஆரஞ்சுத் தோலும் குளித்தலை சேஷாத்ரியும்

செம்பட்டியிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறினால் கீழ்ப்பழனி மலை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கமலா ஆரஞ்சு விளைகிற இடம். ஒரு காலத்தில் நன்றாகக் காய்த்த மரங்களில் பெரும்பகுதியை சிட்ரஸ் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும் டிரிஸ்டிசா வைரஸும் சேர்ந்து காலி பண்ணிவிட்டன.

பழத்தைத் தின்றபின் தோலை என்ன செய்வோம்? வெயிலில் காயவைத்து அரைத்து முகத்துக்குப் பூசுவோம், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். இப்போது அதே பொடி 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று பாக்கெட்டில் வருகிறது. இந்தப் பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது என்று தேடப்போனால், கதை 1828 வரை போகிறது.

அந்த வருடம் லெப்ரெடோன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஆரஞ்சுத் தோலின் உட்புறத்தில் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். பெயர் ஹெஸ்பெரிடின். பிறகு பம்பளிமாசு இனத்திலிருந்து கிடைத்த கசப்புப் பொருளுக்கு நரிஞ்சின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர் 'நாரங்க' என்ற சமஸ்கிருதச் சொல்லின் வழி வந்தது. அந்தச் சொல்லே நம்ம நாரத்தையோடு உறவுள்ள திராவிடச் சொல்லிலிருந்து போனது என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஹெஸ்பெரிடினைப் பிரிக்கிற வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. அது வெறும் தண்ணீரில் கரையாது. ஆனால் காரத்தில் கரையும். அதனால் அரைத்த தோலோடு சுண்ணாம்பு நீரைச் சேர்ப்பார்கள். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் தோலின் பெக்டினைப் பிடித்துக்கொள்வதால் கூழ் வழவழப்பில்லாமல் வடியும். வடிந்த நீரில் கொஞ்சம் அமிலம் விட்டு வைத்தால் ஹெஸ்பெரிடின் மெல்ல வெண்படிகமாக அடியில் இறங்கும். அவ்வளவுதான். தோலை வெறுமனே கொதிக்கவைத்துக் குடிப்பதால் இது ஏன் அதிகம் கிடைக்காது என்பதும் இதிலிருந்தே புரியும்.

இந்த வகைப் பொருள்களுக்குப் பொதுப்பெயர் ஃபிளேவனாய்டு. இந்தியாவில் இவற்றை ஆராய்ந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டி.ஆர். சேஷாத்ரி. 1900இல் பிறந்தவர், ஊர் குளித்தலை. திண்டுக்கல்லிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் இருந்து, 1934இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பருத்திப் பூ, மரப்பட்டை, பம்பளிமாசுப் பழம் என்று கையில் கிடைத்த நம்ம ஊர்த் தாவரங்களையே எடுத்து, உள்ளே என்ன பொருள், அதன் மூலக்கூறு அமைப்பு என்ன என்று பார்த்தார். இது உடம்புக்கு நல்லதா என்பது அப்போது அவருடைய முதல் கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியை வேறொருவர் கேட்டார். ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, மிளகாய் இனமான பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தவர். 1937இல் நோபல் பரிசு வாங்கினார். 1936இல் அவரும் சகாக்களும், நுண் இரத்தக்குழாய் பலவீனமாகி இரத்தம் கசியும் சில நோயாளிகளுக்கு வைட்டமின் சி மட்டும் போதவில்லை, எலுமிச்சையில் இருக்கும் ஃபிளேவனாய்டு கலவை உதவுகிறது என்றார்கள். அதற்கு 'வைட்டமின் பி' (ஆங்கிலத்தின் 16ஆவது எழுத்து, பி காம்ப்ளெக்ஸ் இல்லை) என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் குறைபாட்டு நோய் வரும் என்று பின்னால் நிரூபிக்க முடியவில்லை. 1950இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் அந்தப் பெயரையே கைவிடச் சொன்னார்கள்.

அதோடு தோலின் கதை முடியவில்லை. ஹெஸ்பெரிடினைக் கொஞ்சம் மாற்றினால் டயாஸ்மின் கிடைக்கும். மூல நோய்க்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 450 டயாஸ்மின், 50 ஹெஸ்பெரிடின் என்பது வழக்கமான கணக்கு. வைட்டமின் என்ற பட்டம் போனாலும், இரத்தக்குழாய் மருந்து என்ற வேலை நிலைத்தது. 1990களில் ஃபிளேவனாய்டுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு பார்த்த ஆய்வுகள் வந்தபிறகு 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற புதுப் பட்டம் பிரபலமானது.

சோதனைக்குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் விழுங்கினால் ஹெஸ்பெரிடின் அப்படியே இரத்தத்தில் ஏறுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையை வெட்டிய பிறகுதான் கொஞ்சம் உள்ளே போகும். ஆகவே பாக்கெட்டில் எழுதியதைப் பாதி நம்பினால் போதும்.

"அப்போ நம்ம பக்கமே எடுத்து விற்கலாமே?" என்று கேட்கலாம். சுண்ணாம்பு கிடைக்கும், முறையும் எளிதுதான். ஆனால் இதற்கு டன் கணக்கில் தோல் ஒரே இடத்தில் குவிய வேண்டும். ஜூஸ் ஆலை இருக்கும் ஊரில் அது தானாகவே குவியும். நம்ம பழத்தை பஸ் ஸ்டாண்டிலும் வீட்டிலும் உரித்துத் தின்கிறோம், தோல் ஆயிரம் இடத்தில் சிதறுகிறது. அதைவிட முக்கியம், மலையில் முதலில் மரம் பிழைக்க வேண்டும். நோயில்லாத கன்று கிடைப்பதுதான் கீழ்ப்பழனி விவசாயிக்கு இன்றைய கவலை. தோலைப் பற்றி அப்புறம் பேசலாம்.