கடல் பார்க்கக் கிளம்பினோம்

போன மாதம் நம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போனபோது, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைக் காட்டி ஒரு சிறுவன் தன் அம்மாவிடம், "இது யாருக்குக் கட்டினது?" என்று கேட்டான். "வெள்ளக்காரன் கட்டினதுப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நடையைக் கட்டினாள். யார் கட்டியது என்பதற்குத்தான் பதில் கிடைத்தது. யாருக்குக் கட்டியது என்று கேட்டவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் எனக்கும் தெரியாது. நான் தெரிந்துகொண்ட கதையை இன்று எழுதுகிறேன். இதில் நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது.

1974-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பாரீஸில் படித்துக்கொண்டிருந்தேன். நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் தங்கல். பல நாட்டு மாணவர்களும் ஒன்றாகப் பழக வேண்டும் என்று, முதல் உலகப் போர் முடிந்தபின் 1925-இல் தொடங்கிய இடம் அது. எங்கள் கூட்டணியில் நான்கு பேர். ஒருவன் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரன். ஒருவன் செனெகல் நாட்டின் சேன்-லூயி ஊர்க்காரன். மூன்றாமவன் போர்ச்சுகல். நான்காவது நான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு ஊர்க் கடலைப் பற்றிப் போயிற்று. நால்வருமே கடற்கரைக்காரர்கள். பாரீஸ் வந்தபிறகு கடலைக் கண்ணால் பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். "அப்படியானால் இப்பவே போவோம்" என்று பிரெத்தோன் எழுந்துவிட்டான். அவனிடம் பழைய சித்ரோயேன் 'தே ஷவோ' ஒன்று இருந்தது. 'இரு குதிரை' என்று பொருள். ஏற்றம் வந்தால் ஒரு குதிரை படுத்துக்கொள்ளும். பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரம். நான்கு பேர் பையிலும் இருந்த சில்லறையை மேசைமேல் கொட்டி எண்ணினோம். சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்கெர்க் போய்வர மட்டும்தான் காணும் என்று தெரிந்தது. விடியும்போது கடற்கரையில் நிற்கலாம் என்று கணக்கு.

சுங்கம் மிச்சப்படுத்த அர்ராஸ் அருகே பெருஞ்சாலையை விட்டு இறங்கினோம். லான்ஸ், லா பாஸே என்று சுரங்க ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு மூடுபனி. முன்னால் பத்தடி தெரியவில்லை. ஒரு நாற்சந்தியில் வண்டியை ஓரங்கட்டி உள்ளேயே தூங்கிவிட்டோம்.

விடிந்ததும் முதலில் கண் விழித்தது நான். பனி கலையக் கலைய, வயல்வெளி நடுவே ஒரு தூண் தெரிந்தது. அதன் தலையில் தாமரை, இரு பக்கமும் கல்லில் செதுக்கிய புலிகள். சுற்றிலும் சாஞ்சி ஸ்தூபியின் கிராதி போல வேலைப்பாடு. கனவு காண்கிறேனோ என்று நினைத்தேன். பாரீஸுக்கும் தென்கெர்க்குக்கும் இடையில், கிழங்கு விளையும் வயலில், சாஞ்சி எப்படி வந்தது?

அந்த இடத்தின் பெயர் நேவ்-ஷாப்பெல். முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து, கல்லறை கூட இல்லாமல் போன இந்தியச் சிப்பாய்களுக்கான நினைவிடம். வட்டமான சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். புதுடெல்லியில் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர்தான் இதையும் வடிவமைத்தவர். அசோகர் தூண்களை நினைவில் வைத்து எழுப்பிய அந்தத் தூணின் உயரம் சுமார் 15 மீட்டர். 1927 அக்டோபர் 7-ஆம் தேதி திறந்தார்கள். பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷ், கபுர்தலா மகாராஜா, எழுத்தாளர் கிப்ளிங் எல்லாரும் அந்த விழாவுக்கு வந்திருந்தார்கள்.

1914 செப்டம்பர் 22-ஆம் தேதி எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட கதை நம் வீடுகளில் பாட்டிமார் வரை தெரியும். அது நடந்து நான்காம் நாள், அதாவது செப்டம்பர் 26-ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படையின் முதல் அணிகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. குளிருக்கான உடுப்புகூட எல்லாருக்கும் கிடைக்காமலேயே பதுங்குகுழிகளுக்குப் போனார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நேவ்-ஷாப்பெலில் நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள்தான். நான்கே நாளில் இறந்தும் காயம்பட்டும் போனவர்கள் நாலாயிரத்துக்கு மேல். கப்பர் சிங் நேகி என்ற கார்வாலி இளைஞனுக்கு இறந்தபின் விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அவன் பெயரும் அந்தச் சுவரில் இருக்கிறது.

சுவரில் நான் தமிழ்ப் பெயர் தேடினேன். சிங், கான், தாபா, குருங், ராவத் என்று போய்க்கொண்டே இருந்தது. தூணடியில் இறைவன் ஒருவனே என்ற பொருளில் ஆங்கிலத்திலும் அரபியிலும் இந்தியிலும் குர்முகியிலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 'வீர இனங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டு, வடக்கத்தி ஆட்களையே வெள்ளைக்காரன் அதிகம் சேர்த்தான். போரில் இறங்கிய சென்னை மாகாணப் படைகளும் வேறு முனைகளுக்குப் போயின. பாளையங்கோட்டை பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது.

அப்போதுதான் எனக்கு ஆயாவின் நினைவு வந்தது. அப்பாவைப் பெற்ற ஆயா. அவருடைய அண்ணன், எங்கள் வீட்டுப் பேச்சில் 'சொல்தா தாத்தா', முதல் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை. 1972-இல் நான் கிளம்பும்போது ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க தானே போற, என் அண்ணன் எங்க கெடக்குறாருன்னு கேட்டுட்டு வாடா" என்றார். "பிரான்சு நம்ம முத்தியால்பேட்டை இல்ல ஆயா" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

சொல்தா தாத்தா பெயர் இந்தச் சுவரில் இருக்க வழியே இல்லை. இது பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்க்கான சுவர். கடலூரிலிருந்து போனவன் ஒரு கொடி, பாகூரிலிருந்து போனவன் வேறு கொடி. நடுவில் ஓர் ஆற்றைத் தாண்டினால் அரசாங்கம் மாறிவிடும். பெயர் தேட வேண்டுமானாலும் அவருடைய முழுப் பெயரே எனக்குத் தெரியவில்லை. சொல்தா தாத்தா என்ற பெயரில் எந்த ராணுவம் ஆள் எடுத்தது?

சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொரு மதில். போர்ச்சுகல் நண்பன் அங்கே போய் நின்றுவிட்டான். அது போர்ச்சுகீசியர் கல்லறைத் தோட்டம்: 1,831 கல்லறைகள். 1916-இல் போரில் இறங்கிய போர்ச்சுகல், பிரான்சுக்கு இரண்டு டிவிஷன் அனுப்பியது. 1918 ஏப்ரல் 9-ஆம் தேதி லீஸ் ஆற்றுப் பகுதியில் ஜெர்மானியர் பாய்ந்தபோது அந்தப் படை ஒரே நாளில் சிதறியது. என் நண்பன் படிக்க வந்தவன் மட்டும் அல்ல, தப்பி வந்தவன். அங்கோலா, கினியா, மொசாம்பிக் என்று தன் நாடு நடத்திக்கொண்டிருந்த காலனிப் போருக்குப் போக மறுத்து எல்லை தாண்டியவன். "என் தாத்தா காலத்து ஆட்களை இங்கே அனுப்பினார்கள். என்னைக் கினியாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இந்த ஆட்களும் உழவர்கள்தான், எங்கள் ஊர்ப் பெயர்களாகவே இருக்கிறது" என்றான். வெகு நேரம் வெளியே வரவில்லை.

சேன்-லூயி நண்பன் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ரேம்ஸ் நகரில் ஒன்று வைத்தார்கள். 1940-இல் ஜெர்மன்காரன் வந்து பிடுங்கி எறிந்துவிட்டான்" என்றான். கறுப்புப் படை வீரர்களுக்காக 1924-இல் வைத்த சிலை அது. அவன் ஊர் உள்பட செனெகலின் நான்கு நகராட்சிக்காரர்களுக்கு 1916-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை உறுதி செய்யும் சட்டம் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் பாரீஸ் பாராளுமன்றத்தில் அமர்ந்த பிளேஸ் தியாஞ். அதே தியாஞ் 1918-இல் மேலும் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்துக் கொடுத்தார். ரத்தம் கொடு, உரிமை தருகிறேன் என்ற பேரம். நம் ஊரில் 1881 ஆணையின்படி 'ரெனோன்சான்' ஆன குடும்பங்களுக்கும் இந்தக் கணக்குப் புரியும். "கணக்கு எப்படி முடிந்தது தெரியுமா?" என்று அவனே சொன்னான். 1944 டிசம்பர் 1-ஆம் தேதி, டக்கார் அருகே தியாரோய் முகாமில், ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது.

பிரெத்தோன் ஒன்றும் பேசவில்லை. அவன் கிராமத்துச் சர்ச் வாசலில் அவன் குடும்பப் பெயரிலேயே நான்கு பேர் கல்லில் இருக்கிறார்கள் என்று வண்டியில் ஏறியபின் சொன்னான்.

கடலைப் பார்த்தோம். மதியம் தென்கெர்க்கில் கால்மணி நேரம் நின்றோம். சாம்பல் நிறக் கடல், எலும்பில் இறங்கும் காற்று. யாருக்கும் பேச்சு இல்லை. ஞாயிறு இரவு பாரீஸ் திரும்பினோம். இரண்டாம் நாள் குடியரசுத் தலைவர் பொம்பிதூ இறந்தார். ஏப்ரல் 25-ஆம் தேதி போர்ச்சுகலில் ராணுவமே எழுந்து சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தது. மக்கள் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூவைச் செருகிய புரட்சி. நண்பன் அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டான். லிஸ்பனிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது: "இனி யாரும் போக வேண்டாம்."

நான் அப்பாவுக்கு எழுதிச் சொல்தா தாத்தாவின் பெயரைக் கேட்டேன். பதில் வந்தது. பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு பரீட்சை, பணத் தட்டுப்பாடு, அப்பாவின் உடல்நிலை. எந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம்கூடப் போடாமல் 1975-இல் ஊர் திரும்பினேன்.

திண்ணையில் காத்திருந்த ஆயா முதலில் கேட்டது, "கேட்டியாடா?" என்றுதான். கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்த்துட்டே வந்துட்டேன் ஆயா. பெரிய தூண் கட்டியிருக்காங்க. மேல தாமரை. ரெண்டு புலி காவல் இருக்குது" என்றேன். "தாமரையா?" என்று கேட்டு ஆயா அழுதார். அன்று மாலை அண்ணன் பெயரைச் சொல்லி விளக்கேற்றினார். மறுவருடம் காலமானார். அந்தத் தூணின் கீழ்தான் அண்ணன் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு போனார்.

அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தினேன். யார் யாருடைய தாத்தா பெயரையோ பதிவேட்டில் தேடிக் கொடுத்தேன். என் வீட்டுக் கோப்பைத் திறக்க மட்டும் கை போகவில்லை.

2014-இல், போரின் நூற்றாண்டு பேசப்பட்டபோது, என் மகன் கணினியில் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸ் ஓம்' தளத்தைக் காட்டினான். அந்தப் போரில் இறந்த பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் ஆளுக்கொரு அட்டை. அவன் தட்டியபோது தாத்தா கிடைக்கவில்லை. ஆங்கில முறையில் எழுத்துக் கூட்டினான். முத்து என்பதன் 'உ' ஓசைக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து போதும், பிரெஞ்சுக் குமாஸ்தாவுக்கு இரண்டு வேண்டும். நம் ஊர் 'எத்தா சிவில்' புத்தகங்களில் பார்த்துப் பழகிய முறையில் நான் தட்டினேன். நாலாவது முறை அட்டை வந்தது. பிறந்த இடம் புதுச்சேரி. இறந்த இடம் ஃப்ரேஜூஸ், ராணுவ மருத்துவமனை. இறந்த விதம்: நோய்.

ஃப்ரேஜூஸ் தெற்கே மத்தியதரைக் கடலோரம். காலனிப் படைகளைக் குளிர்காலத்தில் போர்முனையிலிருந்து இறக்கித் தங்கவைத்த முகாம்கள் அங்கேதான் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் வந்தவர்கள் நெஞ்சுச் சளியில் நிறையப் பேர் இறந்த இடம். நான் தாமரைத் தூணைக் காட்டிய ஊருக்கும் அவர் இறந்த ஊருக்கும் நடுவே பிரான்சு முழுவதும் கிடக்கிறது. ஒரு கடிதம் போட்டிருந்தால் 1974-இலேயே தெரிந்திருக்கும். கடலோரம் இருக்கிறார் ஆயா என்று உண்மையையே சொல்லியிருக்கலாம்.

நம் கடற்கரையில் 1938-இல் திறந்த நினைவுச் சின்னம் அவருக்கும் சேர்த்துத்தான். ஆயா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே அது இருந்தது. ஒரு நாள்கூட நான் அவரைக் கூட்டிப்போனதில்லை. இப்போது நவம்பர் 11-ஆம் தேதி காலையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்திருக்கலாம். அவருடைய முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் தெரிந்த ஒருவர் இன்னும் இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தேடித் தர நான் இருக்கிறேன். எழுத்துக் கூட்டுவது மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.