பொன்னும் செய்கூலியும்
கைவினை அணிகலன்களின் மதிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகைத்தொழிலில் வழங்கும் மூன்று சொற்களிலிருந்து இவ்வாய்வைத் தொடங்குதல் பொருத்தமாகும். நிறை, செய்கூலி, சேதாரம் என்பன அவை. நகையொன்றைச் செய்விப்போர் பொன்னின் நிறைக்கு ஒரு தொகையும், செய்தவரின் உழைப்புக்கு ஒரு தொகையும், உருக்குதலிலும் அராவுதலிலும் குறைந்துபோகும் பொன்னுக்கு ஒரு தொகையும் கொடுக்கின்றனர். அதே நகை சில ஆண்டுகளின் பின் விற்கப்படும்போதோ அடைவு வைக்கப்படும்போதோ நிறை ஒன்றே கணக்கில் எஞ்சுகின்றது. பழைய நகையை அழித்துச் செய்வித்தல் எமது குடும்பங்களில் இயல்பான வழக்கமாதலின், ஒரு தலைமுறையின் கைவேலை அடுத்த தலைமுறைக்காக மூசையில் உருகிப்போவதை எவரும் இழப்பாகக் கொள்வதில்லை. கற்சிற்பமும் செப்புத் திருமேனியும் எஞ்சிய அளவுக்குப் பொன்னணிகள் எஞ்சாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இக்கணக்கினைத் தலைகீழாக்கி, செய்கூலியே அணிகலனின் உண்மையான மதிப்பு என்று கூறமுற்பட்ட இயக்கமொன்று மேலைநாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. இன்று கலை அணிகலன் என வழங்கப்படும் துறை அதன் வழிவந்ததே. அவ்வியக்கத்தின் தொடக்கக் கட்டத்தோடு எமது நாட்டவர் ஒருவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. அத்தொடர்பு அணிகலன் வரலாற்று நூல்களிற் போதிய கவனம் பெற்றதாகத் தோன்றவில்லை.

கட்டடக் கலைஞரான சி. ஆர். ஆஷ்பி (1863–1942) இலண்டனின் கிழக்குப் பகுதியில், உழைப்பாளர் வாழ்ந்த சூழலில், 1888இல் கைவினைக் கழகம் ஒன்றை நிறுவினார். யந்திரத்தின் முன் நாள் முழுதும் ஒரே செயலைச் செய்யும் தொழிலாளி தன் வேலையின் முழுமையை இழந்துவிட்டான் என்பது ஜோன் றஸ்கினும் வில்லியம் மொறிசும் வற்புறுத்திய கருத்து. ஆஷ்பி அதனை நடைமுறைப்படுத்த விழைந்தார். கழகத்தின் பட்டறைகளில் வெள்ளி வேலையும் அணிகலன் வேலையும் சிறப்பிடம் பெற்றன. பொற்கொல்லர் மரபில் வாராத அவர், இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பொற்கொல்லனாகிய செல்லினியின் தொழில்நூலை மொழிபெயர்த்து 1898இல் வெளியிட்டார்.

கழகத்தின் நகைகள் அக்காலச் செல்வர் விரும்பிய வைர நகைகளுக்கு நேர்மாறானவை. வெள்ளியே பெரிதும் பயன்பட்டது. கற்கள் பட்டை தீட்டப்படாமல் குமிழாக மெருகிடப்பட்டன. ஒழுங்கற்ற முத்துக்களும் எனாமல் பூச்சும் விரும்பப்பட்டன. அக்காலக் கைவினை நகையாளர் பலர் விரும்பிய சந்திரகாந்தக் கல்லுக்கு இலங்கை ஒரு முக்கிய ஊற்றாக இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சுத்தியலின் தடங்கள் மேற்பரப்பிலிருந்து அகற்றப்படாமல் விடப்பட்டன. அத்தடங்களைக் காண்பவர், மனிதக் கையொன்று இங்கு உழைத்தது என்பதை அறியவேண்டும் என்பதே நோக்கம். செய்கூலி முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளாக ஆக்கப்பட்டது எனலாம்.

கண்ணுக்குத் தெரியும் எதனையும் யந்திரத்தாலும் செய்துவிடலாம். இலண்டனின் லிபேட்டி வணிகநிலையம் 1899இல் 'கிம்ரிக்' என்னும் பெயரில் வெள்ளிப் பொருள்களையும் நகைகளையும் சந்தைக்குக் கொணர்ந்தது. பேர்மிங்காம் நகரத் தொழிற்சாலையில் அவை பெருமளவுக்கு அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டன. சுத்தியல் தடங்களையும் அவற்றிற் காணலாம். வடிவமைப்பாளரின் பெயர் வெளியிடப்படவில்லை. அழகில் அவை குறைந்தவை என்று நாம் கூறமாட்டோம். ஆர்ச்சிபால்ட் நொக்ஸ் என்பார் அமைத்த வடிவங்கள் கழகத்தின் பல நகைகளை விஞ்சியவை. எனினும், கையின் அடையாளம் கையின்றியே விற்பனைக்கு வந்துவிட்டது.

கழகம் 1902இல் குடும்பங்கள் உட்பட ஏறக்குறைய 150 பேருடன் சிப்பிங் கம்டன் என்னும் நாட்டுப்புற ஊருக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தில் வேலை மந்தமான காலத்திற் கைவினைஞர் வேறிடத்திற் கூலி தேடிக்கொள்ளலாம். இச்சிற்றூரில் அவ்வழி இல்லை. விற்காத பொருள்கள் குவிந்தன. லிபேட்டியின் மலிவான போட்டி ஒருபுறம். பொழுதுபோக்காக நகை செய்து, பிழைப்புக்கான கூலியை விலையிற் சேர்க்காமல் விற்ற வசதி படைத்தோர் மறுபுறம். 1908இல் கழகம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆஷ்பி தமது தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். தனிமனிதரின் நல்லெண்ணத்தைக் கடந்த பொருளாதாரப் பிரச்சினை இது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) இவ்வரலாற்றில் இடம்பெறுவது இக்கட்டத்திலேயே. கொழும்பிற் பிறந்து, புவிச்சரிதவியல் பயின்று, 1903 முதல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றிய அவர், கல்லையும் உலோகத்தையும் தேடிச் சென்ற ஊர்களில் அவற்றை வேலைசெய்வோரையும் கண்டார். அவருடைய மனைவி எதெலின் சகோதரரான பிரெட் பாட்றிஜ் ஆஷ்பியின் கழகத்தில் நகை செய்தவர். இங்கிலாந்தில் குமாரசுவாமி வாழ்ந்த இல்லம், சிப்பிங் கம்டனை அடுத்த புரோட் கம்டனில் ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பழைய நோர்மன் காலத் தேவாலயம். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அங்கேயே, ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் கையச்சுப் பொறியில், ஏறத்தாழப் பதினைந்து மாதங்களாக அச்சிடப்பட்டு 1908இல் நிறைவுற்றது. பிரதிகள் 425. கழகம் மூடப்பட்ட ஆண்டும் நூல் முடிவுற்ற ஆண்டும் ஒன்றே.

இவ்வுடனிகழ்ச்சியை வெறும் தற்செயல் எனக் கொள்ளுதல் கூடாது. ஆஷ்பியின் கைவினைஞருக்கு எது இல்லாமற் போயிற்றோ அதனையே கண்டி இராச்சியத்துக் கைவினைஞரிடம் குமாரசுவாமி கண்டார். கண்டியில் அரச பட்டறைகளிலும் கோயில்களிலும் பணியாற்றிய பொற்கொல்லர் சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். அவர்களது செய்கூலி சந்தையில் தீர்மானிக்கப்படவில்லை, நெல்லாக விளைந்தது. எனவே ஓர் அணிகலனுக்கு எத்தனை நாள் செல்லும் என்பது அவர்களை அச்சுறுத்தவில்லை. 1815இல் முடியாட்சி வீழ்ந்து, 1830களின் தொடக்கத்தில் இராசகாரிய முறையும் நீக்கப்பட்டபோது, இவ்வாதரவின் பெரும்பகுதி குலைந்தது. கலை நலிந்தமைக்குக் கலைஞனின் திறன்குறைவு காரணமன்று, சமூக அமைப்பின் குலைவே காரணம் என்பது குமாரசுவாமியின் முடிபு. அக்காலக் குடியேற்ற நாட்டறிஞரிடையே இது துணிச்சலான கருத்தாகும்.

ஆயினும் இதன் மறுபக்கத்தை அவர் மென்மையாகவே கடந்துசென்றார் என்பது எமது கருத்து. நிலத்தைப் பெற்ற பொற்கொல்லன் சாதியாற் கட்டுண்டவன். தொழிலை மாற்றவோ, பணிக்க மறுக்கவோ அவனுக்கு உரிமை இருந்ததெனக் கூறமுடியாது. பாதுகாப்பும் கட்டாயமும் ஒரே உறவின் இரு முகங்கள். இராசகாரியத்தின் நீக்கத்தை உழவன் எவ்வாறு வரவேற்றிருப்பான் என்ற வினாவை எழுப்பாமற் கைவினைஞனின் இழப்பை மட்டும் பேசுதல் முழுமையான வரலாறாகாது.

குமாரசுவாமியின் பிற்காலச் சிந்தனையில் எமக்குப் பெரிதும் பயன்படுவது, அமெரிக்காவின் பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய காலத்தில் 'அணி' பற்றி 1939இல் அவர் எழுதிய கட்டுரையாகும். அணியும் அலங்காரமும் மிகையானவை என்று நவீன காலத்தவர் கருதுகின்றனர். தொன்மையான மொழிகளில் இச்சொற்கள் ஒன்றினை அதன் பயனுக்கு ஏற்றவாறு நிறைவாக்குவதையே முதலிற் குறித்தன என்று அவர் சொல்வரலாற்றுச் சான்றுகளால் நிறுவ முயன்றார். 'அலம்' என்பதற்குப் 'போதும்' எனப் பொருளுண்டு. தமிழில் அணி என்பது நகையையும், படையின் ஒழுங்கையும், செய்யுளின் அழகையும் ஒருங்கே குறிப்பதை இதனோடு இணைத்து நோக்கலாம். தாலி இதற்குத் தக்க சான்று. அதன் பொருளை நிறையோ வேலைப்பாடோ தருவதில்லை. கட்டும் செயலும் கண்டோர் சாட்சியுமே தருகின்றன.

அக்கட்டுரை வெளியாகிய காலத்திலேயே, அவருடைய சிந்தனையோடு தொடர்பில்லாத வேறொரு வட்டத்தில், நிறையின் ஆட்சிக்கு எதிரான மற்றொரு முயற்சி எழுந்தது. ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கல்லூரியிலிருந்து 1933இல் அமெரிக்கா சென்ற நெசவுக் கலைஞர் அன்னி அல்பேர்ஸ் (1899–1994), மெக்சிக்கோவின் மொன்ரே அல்பான் கல்லறையில் 1932இற் கண்டெடுக்கப்பட்ட புதையலைப் பார்வையிட்டார். அங்கு பொன்னும் சாதாரண ஓடுகளும் கற்களும் ஏற்றத்தாழ்வின்றி ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. நாடு திரும்பியபின் 1940 அளவில் தம் மாணவர் அலெக்ஸ் றீட்டுடன் சேர்ந்து அவர் செய்த கழுத்தணிகளுக்கு இரும்புக்கடைப் பொருள்களே மூலப்பொருள்கள். நீர்த்தொட்டியின் வடிதட்டு பதக்கமாயிற்று; கடதாசிக் கவ்விகள் அதன் தொங்கல்களாயின. உலோக வாஷர்கள் நாடாவிற் கோக்கப்பட்டன. நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 1946இல் நடத்திய நவீன கைவினை நகைக் கண்காட்சியில் இவை இடம்பெற்றன. சிற்பி அலெக்சாண்டர் கல்டர் பித்தளைக் கம்பியைத் தட்டி வளைத்துச் செய்த அணிகளும் உடன் வைக்கப்பட்டன. சுத்தியல் தடம் இங்கு முக்கியமன்று. பொருள்களைத் தேர்ந்து இணைத்த அறிவே செய்கூலியாகின்றது.

ஒல்லாந்தில் 1960களில் எழுந்த அலை இதனிலும் கடுமையானது. கைஸ் பாக்கரும் அவர் மனைவி எமி வான் லேர்சமும் 1967இல் அலுமினியத்தாற் செய்த பெரிய கழுத்துப்பட்டைகளை அம்ஸ்ரடாம் ஸ்ரெடலிக் நூதனசாலையிற் பெண்கள் அணிந்து நடக்கக் காட்டினர். பொன், செல்வரின் அடையாளம். எவரும் வாங்கக்கூடிய மலிவான உலோகமே மக்களாட்சிக்கு உரியது என்பது அவர்கள் நிலைப்பாடு. 1973இற் பாக்கர் மேலும் ஒரு படி சென்றார். மெல்லிய பொற்கம்பியைக் கையிலே இறுகக் கட்டி, பின் அகற்றினார். தோலிற் பதிந்த தடமே அணிகலன் என்றார். சில நிமிடங்களில் மறையும் அத்தடத்தை உருக்கவும் முடியாது, அடைவு வைக்கவும் முடியாது.

ஆஷ்பியின் கதை இங்கு மீண்டும் நிகழ்ந்தது. எல்லோருக்குமாகச் செய்யப்பட்ட அலுமினிய அணிகள் இன்று நூதனசாலைகளிலும் சேகரிப்போரிடத்தும் உள்ளன. தொழிலாளர் குடும்பங்கள் அவற்றை அணியவில்லை; அவர்கள் விரும்பியது பொன்னையே. அதற்கு அறியாமையைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. வேலையிழப்பின்போதும் நோயின்போதும் விற்கக்கூடியது எதுவென்று அவர்கள் அறிவர். பொன்னைத் துறத்தல் வேறு சேமிப்பு உடையோருக்கு எளிது.

இம்முரண்பாட்டை நன்கு உணர்ந்த கலைஞர், சூரிச் நகரில் 1948இற் பிறந்து மியூனிக்கிற் கற்று, பின்னர் 1991 முதல் 2014 வரை அங்கு பேராசிரியராகவும் விளங்கிய ஒட்டோ குன்ஸ்லி. 1980ஆம் ஆண்டு சனவரியிற் பொன்னின் விலை அவுன்சு ஒன்றுக்கு 850 டொலர்வரை உயர்ந்தது. அவ்வாண்டில் அவர் செய்த கைவளையம் கருநிற இறப்பர்க் குழாய் ஒன்றேயாகும். ஓரிடத்திற் சிறு புடைப்பு. அதனுள் ஒரு பொற்குண்டு. 'பொன் குருடாக்கும்' என்பது அதன் பெயர். உள்ளே பொன் உண்டென்பதைக் காண விரும்புவோர் இறப்பரை வெட்டவேண்டும். வெட்டினால் படைப்பு அழியும். பொன்னைத் துறந்தவரும் பொன்னைக் காட்டியவரும் தவிர்த்துச் சென்ற வினாவை இவ்வளையம் அணிபவரின் கையிலேயே வைத்துவிடுகின்றது. எமது மதிப்பீட்டில் இந்நூற்றாண்டுக் கால முயற்சிகளில் இதுவே மிகவும் நேர்மையானது.

அவரே 1985–86இற் செய்த மற்றொரு படைப்பு, மக்கள் அணிந்து கழித்த 48 திருமண மோதிரங்களை ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாகும். பழைய மோதிரங்களை விலைக்குப் பெறுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்து அவற்றைத் திரட்டினார். மரணத்தாலோ மணமுறிவாலோ வறுமையாலோ கைவிட்டுப் போனவை அவை எனக் கருதலாம். உட்புறங்களிற் பெயர்களும் திகதிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சங்கிலியைக் கழுத்தில் அணிவதற்குப் பெருந்துணிவு வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. மோதிரங்களில் அணிந்தோரின் பெயர் உண்டு; அவற்றைச் செய்த தொழிலாளரின் பெயர் இல்லை. சங்கிலிக்குக் குன்ஸ்லியின் பெயர் உண்டு. அப்பெயரின்றி அது சில கிராம் பழம்பொன்னின் தொகுதியே. குமாரசுவாமி மரபுவழிக் கைவினைஞனின் பெயரின்மையைப் பெருமையாகக் கொண்டார். கலை அணிகலனோ பெயரின்மேலேயே நிற்கின்றது. செய்கூலியை முதன்மைப்படுத்தப் புறப்பட்ட இயக்கம், பெயர் உடையோரின் செய்கூலியையே உயர்த்தியுள்ளது.

எம்மிடையே இவ்விரண்டில் எதுவும் நிகழவில்லை. யாழ்ப்பாணத்துச் சீதன உறுதிகள் நகைகளையும் அவற்றின் பெறுமதியையும் குறிக்கின்றன. அட்டியல் செய்த பத்தரின் பெயரை எழுதும் வழக்கம் அவற்றில் இல்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கையில் எடுத்துச்சென்ற பழைய நகைகளை அரிசிக்கும் மருந்துக்கும் பயணத்துக்குமாக நிறைவிலைக்கே விற்றன. அந்நகைகளின் வடிவங்களை இன்று பழைய திருமணப் புகைப்படங்களிலும், அடைவுச் சீட்டுகளின் ஓரிரு சொற்களிலும், முதிய பத்தர் சிலரின் நினைவிலுமே தேடவேண்டியுள்ளது.